வீட்டில் எலெக்ட்ரானிக்ஸ் வேலைமேசை அமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழுதான சாதனங்களைத் திறந்து பார்க்கவும், சிறு மின்சுற்றுகளைக் கட்டிச் சோதிக்கவும் வீட்டிலேயே ஓர் இடம் ஒதுக்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வரும் தமிழ்நாட்டு வீடுகளை மனத்தில் கொண்டே இவை எழுதப்பட்டிருக்கின்றன. மேசைக்கு வரும் மின் இணைப்பையும் வெளிச்சத்தையும் சரிசெய்த பிறகுதான் கருவிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விடைகளின் வரிசையும் அதை ஒட்டியே அமைந்துள்ளது.

வீட்டில் எந்த இடம் ஏற்றது?

சன்னலை ஒட்டிய, வெளிக்காற்று வந்துபோகும், ஆனால் மழைச்சாரல் உள்ளே வராத ஒரு மூலை போதுமானது. சமையலறையையும் சாப்பாட்டு மேசையையும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். பாகங்களைப் பற்றவைக்க உருக்கும் சால்டர் கம்பியில் உள்ள ஈயம் துணுக்குகளாகவும் தூளாகவும் மேசைப் பரப்பில் தங்கிவிடும். பரப்பைத் துடைத்துவிட்டால் போதும் என்று எண்ணிச் சாப்பாட்டுத் தட்டை அங்கே வைப்பது சரியல்ல. படுக்கையறை மட்டுமே இருக்கிறது என்றால் மேசையைச் சன்னலோரம் போட்டு, வேலை முடிந்ததும் மூடி வைக்கக்கூடிய அலமாரி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பலர் கவனிக்காமல் விடுவது மின்விசிறியை. மேசைக்கு நேர் மேலே விசிறி சுழன்றால் சால்டரிங் அயனின் முனை சீக்கிரம் குளிர்கிறது, புகை முகத்தை நோக்கித் திரும்புகிறது, எஸ்.எம்.டி. எனப்படும் மிகச் சிறிய பாகங்கள் பறந்து போகின்றன. விசிறியின் நேர் கீழிருந்து நாலைந்து அடி தள்ளி மேசையைப் போட்டால் வெக்கையும் தாங்கும், வேலையும் நடக்கும்.

மேசை எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்?

நான்கு அடி நீளமும் இரண்டு அடி அகலமும் 30 அங்குல உயரமும் உள்ள மரமேசை பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். ஆடாமல் நிற்பதுதான் அதன் முதல் தகுதி. பழைய அலுவலக மரமேசை கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். புதிதாகச் செய்வதானால் 18 அல்லது 19 மில்லிமீட்டர் பிளைவுட்டின் மேல் வெளிர் நிற மைக்கா ஒட்டிச் செய்யலாம், ஏனெனில் கீழே விழும் சிறு திருகையும் டையோடையும் வெளிர் பரப்பில்தான் கண்டுபிடிக்க முடியும். இரும்புத் தகடு போர்த்திய மேசை மின்சாரம் கடத்தும் என்பதால் கூடாது. கண்ணாடி சூட்டில் விரிசல் விடும். மேசையின் பின்புறம் ஒன்றரை அடி உயரத்தில் ஒரு பலகைத் தட்டு அடித்து, மீட்டர், பவர் சப்ளை போன்றவற்றை அதில் ஏற்றிவிட்டால், முன்னால் இருக்கும் இடம் முழுவதும் வேலைக்கே கிடைக்கும்.

எர்த் இருக்கிறதா என்று எப்படி அறிவது? அது அவ்வளவு முக்கியமா?

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரம் உள்ளவர்கள் இதைப் படிக்க வேண்டும். மூன்று துளை உள்ள சாக்கெட் சுவரில் இருப்பதனால் மட்டும் எர்த், அதாவது பழுதின்போது மின்சாரத்தை மண்ணுக்குக் கடத்தும் இணைப்பு, இருப்பதாக ஆகிவிடாது. பழைய வீடுகள் பலவற்றில் மேல் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. வயர் இருந்தாலும் அது மெயின் போர்டோடு நின்றுவிட்டிருக்கும். அதையும் தாண்டி மண்ணுக்குள் போயிருந்தால் குழாய் துருப்பிடித்து, சுற்றியுள்ள மண் காய்ந்து கிடக்கும்.

நம் சாக்கெட்டை நேராகப் பார்க்கும்போது மேலே இருக்கும் பெரிய துளை எர்த், வலப்பக்கம் மின்சாரம் வரும் ஃபேஸ், இடப்பக்கம் அது திரும்பிப் போகும் நியூட்ரல். நல்ல மீட்டரை மாறுதிசை வோல்ட்டேஜ் நிலையில் வைத்து அளந்தால், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 230 வோல்ட்டும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ அதே அளவும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டும் காட்ட வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலான அளவு மிகவும் குறைந்தோ நிலையில்லாமல் அலைந்தோ காணப்பட்டால் எர்த் இல்லை என்று கொள்ளலாம். ஆனால் அளவு சரியாக இருப்பதாலேயே எர்த் நல்லது என்று முடிவு கட்டக் கூடாது. மீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுக்கும். பழுதுக் காலத்தில் பாய வேண்டிய பல ஆம்பியரை அந்த எர்த் தாங்குமா என்பதை அது சொல்லாது. அதை எர்த் டெஸ்டர் கருவி வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியன்தான் சோதிக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே குண்டு பல்பை எரித்துப் பார்க்கும் பழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனென்றால் எர்த் பலவீனமாக இருந்தால் அந்தச் சில நொடிகளில் வீட்டிலுள்ள கிரைண்டர், ஃபிரிட்ஜ் போன்றவற்றின் உலோக உடல் அனைத்திலும் மின்சாரம் ஏறிவிடக்கூடும்.

எர்த் இல்லாத இடத்தில் கம்ப்யூட்டரின் உலோகப் பெட்டியைத் தொட்டால் லேசாகச் சுரீரென்று இருப்பது எதனால் என்று பலர் கேட்பதுண்டு. கம்ப்யூட்டரில் உள்ள எஸ்.எம்.பி.எஸ். வகை மின்வழங்கியின் உள்ளே, இரைச்சலை வடிகட்டுவதற்காக, ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குத் மின்னூட்டத்தைத் தேக்கும் சிறு கெப்பாசிட்டர் தலா ஒன்று வைக்கப்பட்டிருக்கும். எர்த் துண்டிக்கப்பட்டால் அந்த இரண்டும் மெயின் வோல்ட்டேஜைப் பாதியாகப் பங்கிட்டு, சாதனத்தின் உடலைச் சுமார் 115 வோல்ட் நிலைக்கு உயர்த்திவிடும். பாயும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் பெரும்பாலும் ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரோடு யு.எஸ்.பி. கம்பியால் இணைந்திருக்கும் போர்டை, எர்த் உள்ள சால்டரிங் அயனால் தொட்டால், போர்டிலுள்ள ஐ.சி. சில்லு கெட்டுப்போகலாம். காரணம் தெரியாமல் கெட்டதாகச் சொல்லப்படும் சில மைக்ரோகன்ட்ரோலர்களின் கதை இதுவாக இருக்கக்கூடும்.

எர்த் இல்லாவிட்டால் நியூட்ரலையே எர்த் துளையில் சேர்த்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. ஒருபோதும் செய்யக் கூடாது. வீட்டுக்கு வரும் நியூட்ரல் எங்கேனும் அறுந்தால், அல்லது யாராவது ஃபேஸையும் நியூட்ரலையும் இடம் மாற்றி இணைத்தால், சாதனத்தின் உடல் முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும்.

எம்.சி.பி. இருக்கும்போது ஆர்.சி.சி.பி. எதற்கு?

இரண்டும் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்சுகள், ஆனால் வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன. எம்.சி.பி. அளவுக்கு மீறிய மின்னோட்டத்திலிருந்து வயரைக் காக்கிறது. மனித உடல் வழியாகப் பாயும் மின்னோட்டம் 6 ஆம்பியர் எம்.சி.பி.யை எட்டவே எட்டாது. அதில் நூறில் ஒரு பங்குகூட உயிருக்கு ஆபத்தானது. ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்புவதையும் ஒப்பிட்டு, வேறுபாடு குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் இரண்டையும் துண்டிக்கிறது. மனிதர்களைக் காக்க 30 மில்லி ஆம்பியர் வகையே வேண்டும். 100, 300 மில்லி ஆம்பியர் வகைகள் அதற்கு உதவா. அதன் மேலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்லது.

அதன் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் தொட்டால் வேறுபாடு ஏதும் ஏற்படாது, ஆர்.சி.சி.பி. வாளாவிருக்கும்.

மேசையின் பவர் போர்டை எப்படி அமைப்பது? சீரியஸ் லேம்ப் இன்னும் தேவையா?

நீளமான மரப்பலகையிலோ பி.வி.சி. பெட்டியிலோ ஆறு அல்லது எட்டு சாக்கெட்டுகளைப் பொருத்தி, அனைத்துக்கும் சேர்த்து ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகத் துண்டிக்கும் இரட்டை முனை சுவிட்ச் ஒன்றை வைக்க வேண்டும். அந்த சுவிட்ச் மேசையின் முன்விளிம்பில், கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பின்சுவரில் இருந்தால், தீப்பொறி பறக்கும்போது அதைத் தாண்டித்தான் கையை நீட்ட நேரும்.

சீரியஸ் லேம்ப் கட்டாயம் தேவை. செலவு குறைவு, பயன் மிகப் பெரிது. ஒரு சாக்கெட்டின் ஃபேஸ் வழியில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் சேர்ப்பதே அதன் அமைப்பு. பழுதுபார்த்த மின்வழங்கியை அந்த சாக்கெட்டில் செருகும்போது உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும். மின்னோட்டம் 100 வாட் பல்பில் ஏறத்தாழ 0.43 ஆம்பியரைத் தாண்டாது. புதிதாக மாற்றிய மாஸ்ஃபெட் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) தப்பும். ஷார்ட் இல்லையென்றால் கெப்பாசிட்டர் நிரம்பும் கணத்தில் பல்பு மின்னி உடனே மங்கிவிடும். டங்ஸ்டன் இழையின் மின்தடை குளிர்ந்த நிலையில் மிகக் குறைவாகவும், வெண்சூட்டில் அதைப்போல் பத்து மடங்கிற்கு மேலாகவும் இருப்பதால்தான் இது நடக்கிறது. எல்.ஈ.டி. பல்பால் இந்த வேலையைச் செய்ய இயலாது. இது கருவியைக் காக்குமே தவிர ஆளைக் காக்காது. பல்பு வழியாக வரும் மின்சாரமும் கொல்லும்.

ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும் வேரியாக்கும் ஒன்றா?

ஒன்றல்ல. வேரியாக் எனப்படும் மாறும் டிரான்ஸ்ஃபார்மரில் ஒரே சுருள்தான் உண்டு. வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும், மெயினிலிருந்து பிரிக்காது. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரில் தனித்தனிச் சுருள்கள் இருப்பதால் அதன் வெளியீட்டில் எந்த முனையும் எர்த்தோடு தொடர்பில்லாமல் நிற்கும். ஒரு முனையை மட்டும் தொட்டால் அதிர்ச்சி ஏற்படாது என்பதே அதன் நன்மை. ஆனால் அதற்குப் பின்னால் ஆர்.சி.சி.பி. வேலை செய்யாது என்பதால் கவனம் கூடுதலாகவே தேவை. மெயின் வோல்ட்டேஜ் சாதனங்களைத் திறக்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கு இவை இரண்டுமே வேண்டாம்.

வெளிச்சம் எவ்வளவு வேண்டும்?

அறையின் பொது விளக்கு போதாது. மேசைக்கு மேல், தலைக்குச் சற்று முன்னால், இரண்டு அடி எல்.ஈ.டி. டியூப் ஒன்றைப் பொருத்தினால் தலையின் நிழல் வேலையின் மேல் விழாது. விளக்கை வாங்கும்போது நிறங்களைச் சரியாகக் காட்டும் வகையா என்று பார்க்க வேண்டும். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று குறிக்கப்படும் எண் 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் ரெசிஸ்டரின் மதிப்பைக் காட்டும் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சுப் பட்டைகள் தெளிவாகப் பிரிந்து தெரியும். மலிவான விளக்கில் மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குத் தலையில் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி மிகவும் உதவும்.

சால்டரிங் அயன்: 25 வாட் போதுமா, ஸ்டேஷன் வேண்டுமா?

கற்கத் தொடங்குபவருக்கு சோல்ட்ரான் போன்ற இந்தியத் தயாரிப்பான 25 வாட் அயன் போதும். அதைக் கொண்டே வாழ்நாள் முழுவதும் ரேடியோ பழுதுபார்த்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதன் குறை, வெப்பநிலை தானாக நிற்காது என்பதுதான். சும்மா வைத்திருந்தால் முனை மிகுதியாகச் சூடேறிக் கறுக்கும். பெரிய செப்புப் பரப்பைத் தொட்டால் சூடு இறங்கிவிடும். வாரம் சில மணி நேரமாவது வேலை செய்யப் போகிறவர்களுக்கு வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் ஸ்டேஷன் நல்ல முதலீடு. ஜப்பானின் ஹாக்கோ நிறுவனத்தின் 936 மாதிரியைப் பின்பற்றிய ஸ்டேஷன்கள் நம் சந்தையில் நிறையக் கிடைக்கின்றன. அதே நிறுவனத்தின் டி12 வகை முனைகளில் சூடேற்றும் கம்பியும் வெப்பநிலை உணரியும் முனைக்குள்ளேயே இருப்பதால் அவை விரைவாகச் சூடேறும், இழந்த சூட்டை உடனே மீட்கும். எந்த வகையானாலும் மூன்று பின் பிளக் உள்ளதையே வாங்கி, முனைக்கும் பிளக்கின் எர்த் பின்னுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊசிபோன்ற முனையை வாங்காமல் உளிபோன்ற தட்டை முனையை வாங்குவது நல்லது. ஊசிமுனையின் தொடுபரப்பு சிறியது. சூடு கடக்க நேரமாகும். அதனால் பலர் வெப்பநிலையைக் கூட்டிவிட்டு போர்டின் செப்புத் தடத்தைப் பெயர்த்துவிடுகிறார்கள். 2 மில்லிமீட்டர் அளவுள்ள தட்டை முனை, ஈயக் கலவைக்கு 320 முதல் 350 டிகிரி செல்சியஸ் வரை, இரண்டு மூன்று நொடித் தொடுதல் என்ற அளவில் பெரும்பாலான இணைப்புகள் அழகாக அமையும். இப்போதைய முனைகளில் செம்பின் மேல் இரும்புப் பூச்சு இருப்பதால் அரத்தால் தேய்க்கக் கூடாது. பூச்சு போனால் உள்ளிருக்கும் செம்பு சால்டரில் கரைந்து முனை குழிவிழும். ஈரப் பஞ்சில் அல்லது பித்தளைச் சுருளில் துடைத்து, அணைக்கும் முன் முனையில் சிறிது சால்டர் பூசி வைத்தால் போதும்.

எந்த சால்டர் கம்பி நல்லது? அதன் புகை நஞ்சா?

63 சதவீதம் வெள்ளீயமும் 37 சதவீதம் ஈயமும் கலந்த கம்பி சரியாக 183 டிகிரியில் உருகி அதே வெப்பநிலையில் உறையும். 60க்கு 40 கலவை 183இல் இளகத் தொடங்கிச் சுமார் 190 டிகிரியில்தான் முழுதும் உருகும். இடையில் கூழாக நிற்கும் கணத்தில் பாகம் அசைந்தால் இணைப்பு மங்கி, சரியாகப் பிடிக்காத ட்ரை சால்டர் ஆகிவிடும். ஆகவே விலை சற்றுக் கூடினாலும் 63க்கு 37ஐயே தேர்ந்தெடுங்கள். 0.8 மில்லிமீட்டர் தடிமன் பொது வேலைக்கும், 0.5 நுண்ணிய வேலைக்கும் ஏற்றவை. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் புதிய மின்னணுச் சாதனங்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியதிலிருந்து ஆலைகள் பலவும் வெள்ளீயம், வெள்ளி, செம்பு சேர்ந்த கலவைக்கு மாறின. அது 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். அத்தகைய போர்டுகளைப் பழுதுபார்க்கும்போது பழைய சால்டரின் மேல் சிறிது ஈயக் கலவையைச் சேர்த்து இளக்கினால் எளிதில் வரும்.

புகையைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் திசை மாறி இருக்கிறது. நாம் வேலை செய்யும் வெப்பநிலையில் ஈயம் கணிசமாக ஆவியாவதில்லை. எழும் புகை கம்பியின் உள்ளே இருக்கும் ஃபிளக்ஸ், அதாவது மரப்பிசின், எரிவதால் வருவது. தொடர்ந்து சுவாசித்தால் அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது என்பதால் அலட்சியம் செய்யக் கூடாது. பழைய கம்ப்யூட்டரின் 12 வோல்ட் விசிறியை, காற்றை உங்களிடமிருந்து சன்னல் பக்கம் இழுக்கும்படி வைத்தாலே பெரும்பகுதி நீங்கிவிடும். ஈயமோ கை வழியாக வாய்க்குப் போகிறது. மேசையில் தேநீர் குடிப்பது, கம்பியைப் பல்லில் கடித்துப் பிடிப்பது, கை கழுவாமல் குழந்தையைத் தூக்குவது ஆகியவைதான் உண்மையான ஆபத்துகள். சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கம் வேலையின் ஒரு பகுதியாக வேண்டும்.

பாத்திரம் பற்றவைக்கப் பயன்படும் அமில ஃபிளக்ஸை எலெக்ட்ரானிக்ஸ் போர்டில் தடவவே கூடாது. மாதங்கள் கழித்துச் செப்புத் தடம் பச்சைபூத்து அறுந்துபோகும்.

எப்படிப்பட்ட மல்டிமீட்டர் வாங்குவது?

டி.டி.830 வகை மஞ்சள் மீட்டர் மலிவானது. பேட்டரி, ரெசிஸ்டர், ஐந்து வோல்ட் சுற்றுகள் ஆகியவற்றுக்கு அது தாராளமாகப் போதும். மெயினை அளக்க அதைப் பயன்படுத்துவதை நான் ஏற்பதில்லை. அதன் 10 ஆம்பியர் துளைக்குப் பின்னால் பெரும்பாலும் ஃபியூஸ் இருப்பதில்லை. அந்தத் துளையில் சிவப்புக் கம்பியை மறந்துவிட்டு சாக்கெட்டில் வைத்தால், மீட்டரே ஷார்ட் ஆகி முகத்துக்கு எதிரே வெடிக்கும். மெயினை அளப்பவர்கள் கேட் 3 (CAT III), 600 வோல்ட் என்ற பாதுகாப்புத் தரம் குறிக்கப்பட்டு, இரு மின்னோட்டத் துளைகளுக்கும் பீங்கான் ஃபியூஸ் உள்ள மீட்டரை நம்பகமான தயாரிப்பாளரிடமிருந்து வாங்க வேண்டும். இரண்டு மீட்டர்கள் இருப்பது வசதி. வோல்ட்டேஜையும் மின்னோட்டத்தையும் ஒரே நேரத்தில் காணலாம்.

மின்சாரம் இல்லை என்று மீட்டர் காட்டினால் உடனே நம்பிவிடக் கூடாது. மின்சாரம் இருப்பது உறுதியான இடத்தில் முதலில் அளந்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் அளந்து, மறுபடியும் உறுதியான இடத்தில் அளந்து பார்க்க வேண்டும். மீட்டரின் உள்பேட்டரி இறங்கினால் மலிவான மீட்டர்கள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பவர் சப்ளையை வாங்குவதா, செய்வதா?

30 வோல்ட், 5 ஆம்பியர் வரை மாற்றத்தக்க, மின்னோட்ட வரம்பு வைக்கும் வசதியுள்ள சப்ளை மேசைக்கு மீட்டருக்கு அடுத்தபடி முக்கியமானது. புதிய சுற்றை இணைக்கும் முன் வோல்ட்டேஜை அமைத்து, வெளியீட்டு முனைகளைச் சேர்த்து, வரம்பை 100 மில்லி ஆம்பியருக்குத் திருப்பிவிட்டால், சுற்றில் தவறு இருந்தாலும் பெரும்பாலான பாகங்கள் பிழைத்துக்கொள்ளும். பழைய கம்ப்யூட்டரின் மின்வழங்கியை அப்படியே பயன்படுத்துபவர்கள் இந்த வேறுபாட்டை உணர வேண்டும்: அதன் 12 வோல்ட் வழியில் பத்து ஆம்பியருக்கும் மேல் பாயும், ஷார்ட் ஆனால் அது நிற்பதற்குள் ஜம்பர் வயரின் உறை உருகிவிடும்.

கற்பதற்காகச் செய்ய விரும்பினால் எல்.எம்.317 என்ற, வோல்ட்டேஜைச் சீராக்கும் ஐ.சி. சிறந்த தொடக்கம். 1.25 வோல்ட் முதல் மாற்றலாம், 1.5 ஆம்பியர் வரை தரும். ஆனால் சூட்டைக் கணக்கிட வேண்டும். உள்ளே 18 வோல்ட் கொடுத்து வெளியே 5 வோல்ட், ஒரு ஆம்பியர் எடுத்தால் மீதி 13 வாட் அந்தச் சிறு பாகத்திலேயே வெப்பமாகும். சூட்டை வெளியேற்றும் பெரிய ஹீட் சிங்க் இல்லாமல் அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்.

ஆஸிலோஸ்கோப் இல்லாமல் தொடங்கலாமா?

வோல்ட்டேஜ் மாறுவதை அலையாகத் திரையில் காட்டும் இந்தக் கருவி இல்லாமலே தாராளமாகத் தொடங்கலாம். முதல் ஆண்டில் மீட்டர் சொல்வதை முழுதாகப் புரிந்துகொள்வதே பெரிய பயிற்சி. ஒலி அதிர்வெண் அளவிலான அலைகளைக் காண விரும்பும் மாணவர்களுக்குப் புதுதில்லியின் பல்கலைக்கழகங்களிடை முடுக்கி மையம் தன் ஃபீனிக்ஸ் திட்டத்தில் உருவாக்கிய எக்ஸ்ப்-ஐஸ் என்ற கருவி நல்ல வழி. கம்ப்யூட்டரில் செருகி வோல்ட்டேஜையும் அலைவடிவத்தையும் பார்க்கலாம். ஸ்கோப் வாங்கும் நிலை வரும்போது, பார்க்க வேண்டிய அலையின் அதிர்வெண்ணைப் போல ஐந்து மடங்கு பேண்ட்விட்த், அதாவது அளக்கக்கூடிய அதிர்வெண் எல்லை, உள்ளதைத் தேர்ந்தெடுப்பது வழக்கம்.

ஸ்கோப்பைப் பற்றி முன்னரே சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. அதன் அளக்கும் கம்பியான புரோபின் முதலைக் கிளிப் நேராக மெயின் எர்த்தோடு இணைந்திருக்கிறது. மெயினோடு நேரடித் தொடர்புள்ள சுற்றில், எடுத்துக்காட்டாக எஸ்.எம்.பி.எஸ்.ஸின் முதல்நிலைப் பகுதியில், அந்தக் கிளிப்பை மாட்டினால், மாறுதிசையை நேர்திசையாக்கும் ரெக்டிஃபையர் வழியாக ஷார்ட் ஏற்பட்டு ஸ்கோப்பும் சுற்றும் சேர்ந்து பாழாகும். அதைத் தவிர்க்க ஸ்கோப்பின் எர்த் பின்னைக் கழற்றிவிடும் வழக்கம் அதைவிடக் கொடியது. கைபடும் உலோகப் பகுதிகள் அனைத்தும் மெயின் வோல்ட்டேஜுக்குப் போய்விடும். அங்கே எர்த்தைச் சாராமல் இரு புள்ளிகளுக்கு இடையே அளக்கும் டிஃபரன்ஷியல் புரோப் அல்லது சோதிக்கப்படும் சுற்றுக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் நிலைமின் பாதுகாப்பு தேவைப்படுமா?

ஈரக்காற்று, உராய்வால் உடலில் சேரும் நிலைமின்னைக் குறைக்கிறது என்பது உண்மை. ஏ.சி. அறையில் அந்த நன்மை போய்விடும். நம் விரல் உணரும் அளவுக்கு நிலைமின் பொறி பறக்க ஏறத்தாழ 3,000 வோல்ட் தேவை. மாஸ்ஃபெட்டின் கேட் முனை அதைவிட மிகக் குறைந்த அளவிலேயே கெடும். எனவே எதையும் உணரவில்லை என்பது சான்றாகாது. நிலைமின்னை எர்த்துக்கு வடிக்கும் மணிக்கட்டுப் பட்டையின் கம்பியில் ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கும். தவறி ஃபேஸைத் தொட்டாலும் பட்டை வழியாகப் பாய்வது 0.23 மில்லி ஆம்பியர்தான். அந்த ரெசிஸ்டர் இல்லாமல் வெறும் வயரைக் கையில் கட்டிக்கொள்ளக் கூடாது. மெயின் உள்ள சுற்றில் வேலை செய்யும்போது பட்டையையே கழற்றிவிட வேண்டும்.

பாகங்களை எங்கே வாங்குவது, எவற்றை இருப்பில் வைப்பது?

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருதான் பலருக்கும் முதல் இடம். பெங்களூரில் எஸ்.பி. ரோடு, மும்பையில் லேமிங்டன் ரோடு, தில்லியில் லஜ்பத் ராய் மார்க்கெட் ஆகியவை அதே வகைச் சந்தைகள். தேவையான பாகத்தின் எண்ணையும் அளவையும் தாளில் எழுதிக்கொண்டு போனால் கடைக்காரர் நேரம் ஒதுக்கிப் பதில் சொல்வார். 2என்3055 போன்ற பவர் டிரான்சிஸ்டர்களிலும் விலை உயர்ந்த மாஸ்ஃபெட்டுகளிலும் போலிகள் மிகுதி. விலை வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாக இருந்தால் ஒன்று மட்டும் வாங்கிச் சோதித்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

ரெசிஸ்டரில் ஈ12 வரிசை போதும்: 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்று பத்தின் ஒவ்வொரு அடுக்குக்கும் பன்னிரண்டு மதிப்புகள். கால் வாட், ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் வகையில் ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து வைத்திருந்தால் நெடுநாள் வரும். 1என்4007, 1என்4148 டையோடுகள், பி.சி.547, பி.சி.557 டிரான்சிஸ்டர்கள், 7805, எல்.எம்.358, 555 ஐ.சி.கள் ஆகியவற்றோடு 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர்களை நூறாக வாங்கிக்கொள்ளலாம். எலெக்ட்ரோலைட்டிக் வகையை மொத்தமாக வாங்கிச் சேமிக்க வேண்டாம். வைத்திருக்கும் ஆண்டுகளில் அவை தரம் குறையும்.

கடற்கரையோர ஊர்களில் பாகங்களின் கால்கள் விரைவில் கறுத்து சால்டர் ஒட்டாமல் போகும். ஜிப் பையில் சிலிக்கா ஜெல்லுடன் மூடி, பையின் மேல் மதிப்பை எழுதி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

அணைத்த சாதனத்தை உடனே தொடலாமா?

கூடாது. 230 வோல்ட்டை ரெக்டிஃபை செய்தால் முதன்மைக் கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நேர்திசை மின்னழுத்தம் ஏறுகிறது. மின்வழங்கி பழுதாகி இயங்காமல் இருந்தால் அது இறங்க வழியின்றி நெடுநேரம் நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது உலோகத்தைத் தெறிக்க வைக்கும். 2.2 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் நன்கு உறையிட்ட வயரும் புரோபும் சேர்த்து ஒரு டிஸ்சார்ஜ் கருவி செய்துகொள்ளுங்கள். 220 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் அதன் வழியாக மூன்று நொடிக்குள் இறங்கிவிடும். எனினும் மீட்டரால் அளந்து பார்த்த பிறகே விரல் வைக்க வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது?

சுவரில் துளையிடாமலே எல்லாவற்றையும் செய்யலாம். பவர் போர்டை மேசையிலேயே திருகி, அதற்குள் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யையும் எம்.சி.பி.யையும் பொருத்திவிட்டால், வீடு மாறும்போது பாதுகாப்பும் உடன் வரும். எர்த் இல்லாத வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடம் பேசிச் சரிசெய்யும்வரை பேட்டரியிலும் அடாப்டரிலும் இயங்கும் குறைந்த வோல்ட்டேஜ் வேலைகளோடு நிறுத்திக்கொள்வதே முறை. அவற்றிலேயே கற்க வேண்டியது ஏராளமாக உண்டு.

வீட்டில் யாரும் இல்லாதபோது வேலை செய்யலாமா?

குறைந்த வோல்ட்டேஜ் வேலைகளைச் செய்யலாம். மெயின் உள்ள சாதனத்தைத் திறந்த நிலையில் இயக்கும்போது வீட்டில் இன்னொருவர் இருக்க வேண்டும். அவருக்கு மேசையின் முன்விளிம்பில் உள்ள சுவிட்சையும் வீட்டின் மெயின் சுவிட்சையும் முன்கூட்டியே காட்டி, ஒருமுறை அணைத்துப் பார்க்கவும் சொல்ல வேண்டும். அதிர்ச்சிக்கு உள்ளானவரைத் தொடும் முன் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்பதையும், தீப்பற்றினால் மின்சாரம் இருக்கும் பொருளில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதையும், 108 ஆம்புலன்ஸ் எண்ணையும் அவர் அறிந்திருக்க வேண்டும். உலர்தூள் அல்லது கரியமில வாயு வகைத் தீயணைப்பான் ஒன்றை அறை வாசலருகே மாட்டலாம். மேசைக்குப் பின்னால் மாட்டினால், தீ மூளும்போது அதை எடுக்க முடியாது.